காலியாக விட்ட இடம்

மார்ச் மூன்றாம் தேதி மாலை, கடைத்தெருவிலுள்ள கணினிக் கடையில் ஒருவர் தன் மகளுக்காக, விலை குறைந்த கேமிங் கம்ப்யூட்டருக்கான பாகங்களைத் தேர்ந்தெடுத்தார்.

“கிராபிக்ஸ் கார்டையும் இப்பவே போட்டுடலாமே சார்,” என்றார் கடைக்காரர்.

“வேணாம். பின்னாடி அதைப் போட்டா தாங்கற மாதிரி பவர் சப்ளை மட்டும் பெருசாப் போடுங்க. ரேமுக்கும் ஒரு இடம் காலியா இருக்கட்டும். லீவுக்கு லீவு ஒண்ணொண்ணா நானே மாட்டித் தர்றேன்.”

“பாப்பாவை நல்லா ஏங்க விடுறீங்க சார்.”

மே மாதம் அவர் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போனார். மறுநாளே பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்தார்.

“என்ன சார், பொருந்தலையா?”

“அவ அம்மா வேற கார்டு வாங்கிக் குடுத்தாளாம். வீடியோ பாத்து பொண்ணே மாட்டிட்டா. இதை மாட்டத்தான் லீவுக்கு என் வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தா. இப்போ வரலையாம்.”

கடைக்காரர் கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.