தூர் வாரியவள்

"கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா, விட்றாதே" என்றார் சர்வேயர். டேப்பின் நுனியைக் கிணற்றின் மேல்படியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள் யாதம்மா. அரசாங்கமே அளக்க வந்துவிட்டதே என்று அவளுக்குப் பூரிப்பு.

ஹைதராபாத்தில் அந்தப் பழைய படிக்கிணறு போன வருஷம்வரை குப்பைமேடு. எதிர் அடுக்குமாடியில் இருக்கும் மாதவி மேடம்தான் அதைத் தூர் வாரச் சங்கம் சேர்த்தார். பதினான்கு மாதம், ஒரு ஞாயிறு தவறாமல், யாதம்மாவும் கிணற்றை ஒட்டிய வீட்டுப் பெண்களும் சேறு சுமந்தார்கள். அடியில் தண்ணீர் ஊறிய அன்று மாதவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கிணற்று வாசலில் ஒரு படம் மாட்டியிருந்தது. நடுவில் கிணறு, நாலு பக்கமும் புல்தரை. "எங்க மேடம் வரைய வச்சது!" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவாள் யாதம்மா.

டேப்பை இழுத்துக்கொண்டே சர்வேயர் அவள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"உள்ள போங்க சாரு! அடுப்புல அரிசிமாவு சர்வபிண்டி அடை சூடா இருக்கு, ஒரு துண்டு சாப்பிடுங்க!"

அவர் உள்ளே போகவில்லை. கூட வந்தவன் அவள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் 'ஒன்று' என்று எழுதினான்.

"அது என்ன நம்பரு? லைட்டுக் கம்பம் வருதா?"

சர்வேயர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உனக்கு யாரும் சொல்லலையா? கிணத்தைச் சுத்தி இருக்கிற பதினொரு வீடும் இடிக்கணும். உங்க சங்கம் குடுத்த மனுதானே?"

டேப் அவள் விரலைக் கீறிவிட்டுச் சுருண்டோடியது. பக்கத்தில் நின்ற மாதவியிடம் திரும்பினாள்.

"மேடம், இவரு வேற ஏதோ ஊர் மனுவைப் பார்த்துட்டு வந்திருக்காரு. நீங்க பேசுங்க."

மாதவி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"இந்த மனுதான். நான்தான் எழுதினேன்."

"எப்போ?"

"கிணத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே."

"அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்!"

மாதவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, சேறு அள்ள வந்திருப்பியா?"