ஒரு டயருக்குப் பசை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. உள்ளங்கையில் அடங்கும் ஒரு டயர், ஒரு வீட்டையே ஆட்டிப் பார்த்த கதை இது. கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

"ஏங்க, மெத்து ரப்பரா, கெட்டி ரப்பரா? இப்பவே சொல்லிடுங்க. ஒட்டினப்புறம் பிய்க்கச் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

சனிக்கிழமை சாயங்காலம். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, ரிமோட் காரின் நான்கு ரிம்களையும் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"நாளைக்கு மண்ணு காஞ்சு தூசி பறக்கும். மெத்துதான் பிடிச்சு ஓடும். பொடிமுள்ளு வச்சது இருக்கு பாரு, அது" என்றார் கணவர்.

"சீக்கிரம் தேஞ்சுடுமே?"

"பதினஞ்சு நிமிஷம் ஓடினா போதும். அப்புறம் தேஞ்சா என்ன, தேயலன்னா என்ன?"

அந்த 'அப்புறம்' அவளுக்குச் சுருக்கென்றது. நாளைய இறுதிப் பந்தயத்தில் ஜெயிப்பவரை ஒரு டயர் கம்பெனி வேலைக்கு எடுக்கிறது. கார் ஓட்டி டயர் சோதிக்கிற வேலை. கடல் தாண்டி இரண்டு வருடம், தனியாக.

அந்த அறிவிப்பை அவர் இரண்டு தடவை உரக்கப் படித்தார். மறுநாளே அவள் ஒரு சூட்கேஸ் வாங்கிவந்து ஹாலில் நிறுத்தினாள்.

"ஜம்முனு போயிட்டு வாங்க. ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"நல்லாத்தான் இருக்கு சூட்கேஸ். சந்தோஷம்" என்றார் அவர். இரண்டு காதும் சிவந்திருந்தன. ஆசையை வெளியே சொல்ல வெட்கம்போல என்று நினைத்தவள், குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார். அவள் பல்செட் செய்யும் கடையில் வேலை பார்ப்பவள். அவள் ஒட்டிய டயர் ஆறு வருடத்தில் ஒன்றுகூடக் கழன்றதில்லை. பந்தயத் திடலில் அவளுக்குப் பெயரே 'பசை அண்ணி'தான்.

அவர் பேட்டரியைச் சார்ஜ் போடப் போனார். அவள் டயருக்குள் பஞ்சு வளையத்தைச் செருகி, ரிம்மின் பள்ளத்தில் உட்காரவைத்து, விளிம்பைக் கட்டைவிரலால் ஒதுக்கிச் சொட்டுச் சொட்டாகப் பசை விட்டாள். மூன்று முடிந்தது. நாலாவது, இடது பின்சக்கரம். பசைக் குப்பியைக் கையில் எடுத்தவள், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு மூடிவைத்தாள். மற்ற மூன்றைப் போலவே அதற்கும் மேலே ஒரு ரப்பர் பேண்டை மாட்டினாள்.

"முடிஞ்சுதா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சுது."

மறுநாள் திடலில் கூட்டம் நெரிந்தது. பந்தயத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அவர் காரை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"ஒண்ணுமில்ல, ஒரு சின்ன வேலை பாக்கி."

கொடி விழுந்தது. தொடக்கம் முதலே அவர் கார்தான் முன்னால். 'சோடாபுட்டி' என்று எல்லோரும் கூப்பிடும் கண்ணாடிக்காரரின் கார் அரைச்சுற்றுக்குப் பின்னால் திணறிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கழலட்டும் என்றிருந்தது, கழலக்கூடாதே என்றும் இருந்தது.

கடைசிக்கு முந்தைய சுற்றில், வளைவில் எழும்பிய தூசிக்குள்ளிருந்து பின் டயர் ஒன்று தனியாக உருண்டு வந்தது. கார் குப்புற விழுந்தது. சோடாபுட்டியின் கார் சாவகாசமாக அதைத் தாண்டிப் போனது.

"என்ன அண்ணி, உங்க பசைக்கும் வயசாயிடுச்சா?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அவளை ஏன்டா வம்புக்கு இழுக்கற? கழண்டது என் கைவேலை!" என்றார் கணவர். காரைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

தனக்காகப் பொய் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். ஆனால் பொய் சொன்னால் உடனே காட்டிக்கொடுக்கும் அவர் காது, இன்றைக்கென்று சிவக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அவர் முகம் கழுவப் போனார். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவுகட்டிய அவள், பெட்டியைத் திறந்து துண்டை விலக்கினாள்.

பசையே விடாத இடது பின்சக்கரத்தில் டயர் கிண்ணென்று ஒட்டியிருந்தது. ரிம் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பசை வழிந்து காய்ந்திருந்தது. அவள் பார்த்துப் பார்த்து ஒட்டிய வலது பின்சக்கரம்தான் மொட்டையாக நின்றது. அவள் விட்ட பசையைப் பிளேடால் சுற்றிலும் கீறி எடுத்திருந்த தடம் தெரிந்தது.

வாசல்படியில் ஈர முகத்தோடு அவர் நின்றார். "நீ பசை விடாத டயர் கழண்டா உன் பேரு கெட்டுடுமேன்னு அதை ஒட்டிட்டு, இதை நானே கீறிவிட்டேன்" என்றார்.

"ஏங்க... அப்ப உங்களுக்கும் போக இஷ்டமில்லையா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எங்கேம்மா சொல்றது? நீதான் மறுநாளே சூட்கேஸ் வாங்கி வச்சுட்டியே!"

உங்கள் வீட்டிலும் ஒட்டியிருப்பது எதுவும் கழலாமல், எல்லோரும் நல்லா இருங்கள் கண்ணுகளா.