சொட்டுவின் இனிஷியல்

மழைக்கோட்டுப் போட்ட வாத்துக்குஞ்சு சொட்டுவின் முழுப்பெயர் என்ன என்று தீர்மானிக்க, அந்த டி.வி. கார்ட்டூனின் ரசிகர்கள் ஒரு ஓட்டல் மாடியில் கூடினார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். புதிய பாகத்தில் கோட்டின் முதுகில் ‘ம. சொட்டு’ என்று எழுதியிருந்ததுதான் விவகாரம். மருதுவா, வேறு ஏதாவதா என்று அப்பாவுக்குப் பெயர் தேடினார்கள். ஒருவர், அந்தப் பெயருக்குப் பின்னால் சாதியைக்கூட ஒட்டிப் பார்த்துச் சிரித்தார்.

வெண்மதி எழுந்தாள். "கதையில அப்பாவே கிடையாது. வளர்க்கிறது அம்மா. அவங்க பேரு மல்லி. அப்புறம் எதுக்கு இந்த ஆராய்ச்சி?"

"அம்மா பேரை யாருங்க இனிஷியலாப் போடுவா?" என்றார் கூட்டத்தை நடத்திய ஞானசேகர்.

"நான் போடுறேன். கோ. வெண்மதி. கோ-ன்னா கோமளம், எங்கம்மா. என்னைப் படிக்க வெச்சவங்க."

"உங்க வீட்டு நெலமை வேற மேடம். சொட்டுவுக்குக் கௌரவமா ஒரு பேரு வேணாமா?"

யாரோ சிரித்தார்கள். வெண்மதிக்கு முகம் எரிந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடமும், வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடங்களிலும் கேட்ட அதே குரல்.

ஞானசேகர் ஓட்டுக்கு விட்டார். மருதுவுக்குக் கைகள் மளமளவென்று உயர்ந்தன.

"மல்லிக்கு?"

வெண்மதி மட்டும் கை தூக்கினாள்.

"சரி, முடிஞ்சுது. இறக்குங்க."

அவள் இறக்கவில்லை. காபி வந்தது. பேச்சு வேறெங்கோ போனது. கை அப்படியே நின்றது. மருதுவுக்குக் கை தூக்கியிருந்த எதிர்வரிசைப் பெண், அந்தக் கையைப் பார்த்தபடி குடிக்காத டம்ளரை மெல்ல மேசையில் வைத்தாள்.