பக்கத்து வீட்டில் மட்டும் கரண்ட் போகாது

“எங்க வீட்ல மட்டும்தான் சார் போகுது. பக்கத்துல அவங்க வீட்ல ஒரு நாள்கூடப் போனதில்லை. இதுக்கு என்ன சார் அர்த்தம்?”

பழைய வாடகை வீடுகளின் ஒயரிங்கைச் சோதிக்க வந்த பரிசோதகர் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“உள்ள வரலாமாம்மா?”

“வாங்க சார். காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் வாசலையே பாத்துட்டு நிக்கிறேன்.”

ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் அவள், புருஷன், ஒன்றே முக்கால் வயதுப் பையன். அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா. தனி ஆள். ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள்.

அவள் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கரண்ட் போன தேதிக்கெல்லாம் சிவப்பு வட்டம்.

“போன மாசம் மட்டும் ஒன்பது தடவை சார். மழை பெஞ்சா போகும். வாஷிங் மெஷின் போட்டா போகும். எல்லாம் அதோ, அந்தச் சனியனால. டப்புனு விழுந்துடும்.”

அவள் கை நீட்டியது மெயின் போர்டில் இருந்த டிரிப் ஸ்விட்சைப் பார்த்து.

“எப்பலேர்ந்து இருக்கு?”

“ஒரு வருஷமா. பையன் அப்பதான் தவழ ஆரம்பிச்சிருந்தான். ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா, சுவத்துல இது உக்காந்திருக்கு. கேட்டா, ‘இருக்கட்டும், கழட்டாதே’ன்னாங்க. அவ்வளவுதான் பதில். தனக்கு நல்ல லைன், குடியிருக்கறவளுக்கு ஓட்டை லைன். நல்ல நியாயம்!”

“ம்.”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட கழட்டி எறிங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இப்பதான் வர்ற ஞாயித்துக்கிழமை ஆள் கூட்டிட்டு வர்றேன்னிருக்கார். நேத்து நடந்ததைப் பாத்த பிறகுதான் அவருக்கே ரோஷம் வந்துச்சு.”

“நேத்து என்ன?”

“பையன் என் ஹேர்பின்னை வச்சுக்கிட்டு அந்த மூலையில சமத்தா விளையாடிட்டு இருந்தான் சார். திடீர்னு டப்! டிவி, ஃபேன், லைட்டு எல்லாம் போச்சு. குழந்தை பயந்து வீல்னு கத்தினான். சமாதானப்படுத்தறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.”

பரிசோதகர் அந்த மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் உயரத்தில் ஒரு பழைய பிளக் பாயிண்ட். அதன் ஓட்டையைச் சுற்றிப் புதிதாகக் கீறல்கள்.

பார்த்தார். எழுதிக்கொண்டார்.

“பெரிசா ஒண்ணும் வேண்டாம் சார். இதைக் கழட்டிட்டு, அவங்களுக்கு இருக்கற மாதிரியே எங்களுக்கும் வச்சுடச் சொல்லுங்க.”

“அவங்களுக்கு இருக்கற மாதிரியா?”

“அதே மாதிரி.”

“அதையும் பாத்துடலாம், வாங்க.”

பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னொண்ணும் சொல்லணும் சார். அந்தம்மா வீட்டுக்குள்ளேயே செருப்பு மாட்டிட்டுத் திரியும். அவ்வளவு திமிர். எங்களை வாசப்படி தாண்ட விடாது. குழந்தை தெரியாம உள்ள போயிட்டாக்கூட, பூனைக்குட்டியைத் தூக்கற மாதிரி தூக்கி வெளிய விட்டுடும். மனசா அது, கல்லு!”

கதவு திறந்தது.

“நல்லா இருக்கீங்களாக்கா?” என்றாள் அதே மூச்சில்.

“இருக்கேன். சார், நீங்க வாங்க. நீ குழந்தையோட அங்கேயே நில்லு.”

‘பாத்தீங்களா?’ என்று புருவத்தைத் தூக்கிக் காட்டினாள் அவள்.

உள்ளே தையல் மெஷின், பக்கத்தில் இஸ்திரி மேஜை. பரிசோதகர் இஸ்திரிப் பெட்டியின் மேல் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரில் விளக்கு எரிந்தது.

“ஷாக் அடிக்குதாம்மா?”

“லேசா. பழகிப்போச்சு.”

போர்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பையிலிருந்து ‘ஆபத்து’ என்று அச்சடித்த சிவப்புத் தாளை எடுத்து அதன்மேல் ஒட்டினார்.

வாசலில் நின்றவளுக்கு அந்தத் தாள் தெரியவில்லை. “என்ன சார், நான் சொன்னது சரிதானே? இங்க கரண்டே போகாதே?”

“போகாதும்மா. இங்க கரண்ட் போகாது, ஆள்தான் போகும்.”

“என்ன சார் சொல்றீங்க?”

“உங்க வீட்ல இருக்கற டிரிப் ஸ்விட்ச், உடம்புல கரண்ட் பாய்ஞ்சா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள லைனைத் துண்டிச்சுடும். உங்க பையன் நேத்து ஹேர்பின்னைப் பிளக் ஓட்டைக்குள்ள விட்டிருக்கான். அதான் டப்புனு விழுந்துச்சு. இங்க விழறதுக்கு ஒண்ணுமே இல்லை.”

அவள் பையனின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

பரிசோதகர் போர்டுக்குள் டார்ச் அடித்தார். ஒரு சதுர இடம் காலியாக இருந்தது. அங்கே வந்த ஒயர்களை நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தது.

“ஏம்மா, இங்கயும் ஒண்ணு இருந்திருக்கே. அது எங்க?”

“இருந்ததே ஒண்ணுதான். பையன் தவழ ஆரம்பிச்சுட்டான். அங்க மாட்டச் சொல்லிட்டேன்.”

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நூறு கேள்வி கேப்பா.”

“அது சரி. அப்போ உங்களுக்கு?”

வீட்டுக்காரம்மா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

“எனக்குத்தான் ரப்பர் செருப்பு இருக்கே.”