யானைக்கு ஏன் நடுக்கம்?

“அப்டேட் மட்டும் வேண்டாம் தம்பி. வேற என்ன வேணும்னாலும் பண்ணுங்க.”

கம்ப்யூட்டர் மெக்கானிக் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் வீட்டம்மா முந்திக்கொண்டாள். அவன் அவள் கணவரைப் பார்த்தான். அவரும் அதே பாட்டைத்தான் பாடினார். புது டிரைவர் சாஃப்ட்வேர் போட்டால் இருக்கிற செட்டிங்கெல்லாம் கலைந்துவிடுமாம். மாடி வீட்டில் யாருக்கோ கம்ப்யூட்டரே படுத்துவிட்டதாம்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு விஷயத்தில் இவ்வளவு ஒத்துப்போய் அவன் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

அவனை அனுப்பியது வெளியூரில் இருக்கும் அவர்கள் மகள். அப்பா குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர். மேஜை மேலிருக்கும் பலகையில் எலெக்ட்ரானிக் பேனாவால் அவர் கோடு இழுத்தால் அது திரையில் விழும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அம்மா வண்ணம் தீட்டுவாள். கல்யாணமானதிலிருந்தே அவர் கோடு, இவள் கலர்.

கொஞ்ச நாளாகத்தான் கோடுகள் நெளிகின்றன. யானை குளிரில் வெடவெடக்கிற மாதிரி இருக்கிறது என்று பதிப்பாளர் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் புத்தகம் வேறு ஆளுக்குப் போய்விடும். மகள் கேட்டால், பேனாவைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற டிரைவர் பழசாகிவிட்டது என்கிறார் அப்பா. ஆமாம், அரதப்பழசு என்கிறாள் அம்மா. சரி, புதுசு போட்டுக்கொள்ளுங்கள் என்றால் மட்டும் இருவரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அப்பாவுக்கு வரைவதை விட்டால் வேறு உலகமே கிடையாது என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

வீட்டம்மா காபி போட உள்ளே போனாள். மெக்கானிக் டிரைவரின் விவரத்தைத் திறந்து பார்த்தான். பழசா? கம்பெனி கடைசியாக விட்ட புத்தம் புதிய டிரைவர் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சந்தேகத்துக்குப் பேனாவை எடுத்துத் தானே ஒரு கோடு இழுத்தான். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி வந்தது.

அவன் வாயைத் திறக்கப் போனபோது பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“தெரியும்ப்பா. அவளுக்குத் தெரியாம நானே அப்டேட் பண்ணலாம்னு பார்த்தேன். அது ஏற்கெனவே தானா ஆகியிருக்கு. கோளாறு அதுல இல்ல, என் கையில.”

அம்மாவிடம் சொல்லிவிடலாமே என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

“சொன்னா உடைஞ்சு போயிடுவா. டிரைவர் பழசுன்னே சொல்லிட்டுப் போ. அவளாவது நிம்மதியா இருக்கட்டும்.”

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து வயரைச் சரிபார்ப்பதுபோல் சமாளித்தான். வரைகிற சாஃப்ட்வேரில், நெளிகிற கோட்டைத் தானே நேராக்கித் தரும் வசதி ஒன்று இருந்தது. யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. அதை ஆன் பண்ணினான்.

காபி வந்ததும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அளந்துவிட்டான். டிரைவர் ரொம்பப் பழசுதான், இந்த மாடலுக்குப் புதுசு இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் இந்தச் செட்டிங்கே தாங்கும். பெரியவர் தயங்கித் தயங்கி ஒரு யானை போட்டார். அது நாலு காலையும் ஊன்றி ராஜா மாதிரி நின்றது. “அப்பாடா, குளிர் விட்டுடுச்சு” என்று வீட்டம்மா சிரித்தாள். அவர் சின்னப் பிள்ளை போல அடுத்த யானையை ஆரம்பித்துவிட்டார்.

மெக்கானிக்கை வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் அவள் வந்தாள். திரும்பி ஒருமுறை வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“டிரைவர் பழசுன்னு அவர் முன்னாடி சொன்னீங்க பாருங்க, அந்த உதவியை மறக்கமாட்டேன் தம்பி. கைதான் நடுங்குதுன்னு தெரிஞ்சா அவர் பேனாவையே தொடமாட்டார்.”

அவன் லிஃப்ட் பட்டனிலிருந்து கையை எடுத்தான்.

“போன மாசம் அவர் குளிக்கப் போயிருந்தப்போ, அந்த டிரைவரை அப்டேட் பண்ணினதே நான்தான்.”