ஓரத்துக் கறுப்பு

“நல்ல நாளும் அதுவுமாக் கறுப்போ? வேண்டாம் நானா. அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு நிக்கக்கூடாது.”

மணப்பெண் மேனுகா ஒரே பிடியாக நின்றாள். வெள்ளவத்தை மண்டபத்தில் இன்னும் சனம் சேரவில்லை. தாலி கட்டுமுன், வந்தவர்கள் எல்லாரும் அம்மாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அலங்காரம் முடிந்த கையோடு படத்தைச் சரிபார்க்க ஓடி வந்திருந்தாள். மேடையோரப் பெரிய திரையில் அம்மா, மணக்கோலத்தில், திரை நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ‘நானா’ என்று அண்ணன் முறை சொல்லி அழைத்த வீடியோக்கார ஜவாத், படம் மாற்றும் ஸ்விட்சர் பொத்தான்களிலிருந்து கையை எடுத்தார்.

“தங்கச்சி, இது அந்தக் காலத்துக் கசெட். படம் கிட்டத்தட்டச் சதுரம். டிவிடியில அடிச்ச புண்ணியவான் அகல டிவிக்கு நிரப்ப, ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்து வெச்சீக்கான். நெத்திப் பொட்டப் பாருங்க, முட்டை மாதிரி ஈக்கு. சரியான அளவுக்குக் கொண்டு வந்தா ஓரத்துல கறுப்பு வரத்தான் செய்யும்.”

“முட்டையோ என்னவோ, எனக்கு இந்த அம்மாதான் அம்மா. ஒண்டையும் மாத்தாதேங்கோ.”

வேறு அம்மா அவளுக்கு ஏது? பெற்ற கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டாள். ஊர் வீட்டோடு ஆல்பங்களும் சாம்பலாகிப் போயின. லண்டன் மாமாவிடம் இருந்த கலியாணக் கசெட் மட்டும் தப்பி, மேனுகா பள்ளிக்கூடம் போகும் காலத்தில் டிவிடியாக வந்து சேர்ந்தது. குடை பிடிக்கும் மாமா, வீடியோ வெளிச்சத்துக்குக் கண் கூசும் பெரியவர்கள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அதுவரை, “நீ கொம்மாவை உரிச்சு வைச்சிருக்கிறாய்” என்று அப்பா வரதராசா சொன்னதை நம்பிப் பெருமையோடு திரிந்தவள் அவள். அந்தப் பூரித்த வட்ட முகத்தைக் கண்ட அன்று, தன் ஒட்டின கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். தாயில்லாப் பிள்ளையைத் தேற்ற அப்பா விட்ட கதை, பாவம். அவரிடம் கேட்கவும் மனம் வரவில்லை. படம் ஓடத் தொடங்கினாலே மனுசன் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார்.

“கறுப்புத்தானே பிரச்சினை? மஞ்சள் போட்டுத் தாரேன். ஒருக்காப் பாருங்க. புடிக்கல்லண்டா பழையபடி உட்டுர்றேன்.”

“மஞ்சளெண்டால் சரி. ஒருக்காத்தான்.”

ஜவாத் குனிந்து எதையோ அழுத்தினார், எதையோ திருகினார். திரை இருண்டு மீண்டது. இரண்டு பக்கமும் மங்கலமாய் மஞ்சள் கரை. நடுவே மல்லிகையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு முகம், ஒட்டின கன்னத்தில் குழி விழச் சிரித்தது.

மேனுகாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அம்மாவைப் போடச் சொன்னால் என்னைப் போட்டிருக்கிறீங்கள். இதை எப்ப எடுத்தனீங்கள் நானா? உங்கட கமராவும் ஒரே மங்கல்.”

ஜவாத் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“டிவிடிதான் ஓடுது தங்கச்சி. கமராவ நான் இன்னும் பேக்குல இருந்து எடுக்கவே இல்ல.”