முதலில் வந்தவன் ஆப்சென்ட்

"போன மாசம் இருபத்திரண்டு வேலை நாள்ல ஒரு நாள்கூட நீங்க வரலைன்னு மெஷின் சொல்லுதே?" என்றார் மனிதவள அதிகாரி, எதிரில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து.

இருபத்திரண்டு நாளும் வந்தவன் அவன். அதுவும் எல்லோருக்கும் முன்னால் வந்தவன்.

வாசலில் நின்று முகத்தைப் பார்த்து வருகையைப் பதிவு செய்யும் அந்த மெஷினின் புரோகிராமில் பாதி அவன் எழுதியது. பெற்ற பிள்ளையே யாரென்று கேட்டுவிட்டது.

இதே அதிகாரியின் கணினி போன மாதம் மூன்று தடவை படுத்துவிட்டது. மூன்று தடவையும் எழுப்பிவிட்டவன் இவன்தான். அதற்கெல்லாம் மெஷினில் சாட்சி கிடையாது.

மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, அவன் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு. இன்னொன்று, தற்காலிகத்தை மேலும் ஒரு வருடம் நீட்டிக்கும் உத்தரவு. ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டியாகிவிட்டது. எதில் கையெழுத்து விழும் என்பது அவன் சொல்லப்போகும் காரணத்தில் இருந்தது.

"மெஷின் பொய் சொல்லாது, பாருங்க" என்றார் அதிகாரி.

உண்மைதான். மெஷின் பொய் சொல்லவில்லை. ஆள் மாறாட்டம்தான் செய்தது.

காமிரா பிடிக்கும் முகம் கணினிக்கு முகமே அல்ல. வரிசை வரிசையாக அடுக்கிய சில லட்சம் எண்கள். புரோகிராம் எழுதுபவர்கள் அதை அரே என்பார்கள். அந்த அரேயை வாங்கி ஓரிடத்தில் வைப்பது இவன் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சின்ன புரோகிராம். அது யார் முகம் என்று கண்டுபிடிப்பது, ராக்கெட் என்று பட்டப்பெயர் வாங்கிய மூத்த ஊழியர் சி என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்.

ராக்கெட்டுக்கு வேகம்தான் உயிர். "காப்பி எடுத்து நேரத்தை வீணாக்காதப்பா. எண்ணெல்லாம் எங்க இருக்குன்னு முகவரியை மட்டும் குடு, நான் போய்ப் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். இவனும் கொடுத்தான்.

ஆனால் ராக்கெட்டின் புரோகிராம், அடுத்த ஆள் வந்து நின்ற பிறகுதான் முந்தைய ஆளைக் கவனிக்கக் கிளம்பும். அதற்குள் இவனுடைய ஸ்கிரிப்ட் அதே இடத்தில் அடுத்தவர் முகத்தைக் கொட்டியிருக்கும். முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனால், பழைய ஆள் காலி செய்துவிட்டுப் புது ஆள் குடிவந்திருப்பாரே, அந்தக் கதைதான். இருக்கிறவர் பெயரை எழுதிக்கொண்டு திரும்பிவிடும்.

ஆக, முதல் ஆள் வந்த நேரம் இரண்டாவது ஆளின் பெயரில் ஏறியது. இரண்டாவது ஆளின் நேரம் மூன்றாவது ஆளுக்குப் போனது. அலுவலகத்தில் அத்தனை பேரும் சில நிமிடம் முன்னாலேயே வந்தவர்கள் ஆனார்கள். ஒன்பது அடிக்கும்போது மூச்சு வாங்க ஓடிவரும் அதிகாரிகூட, மெஷின் கணக்கில் எட்டு ஐம்பதுக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

சீக்கிரம் வந்ததாக எழுதிவிட்டார்கள் என்று எவன் புகார் கொடுப்பான்? 'தாமதமே இல்லாத மாதம்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டி, நிர்வாகம் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது.

முதலில் வந்தவன் மட்டும் எங்கேயும் இல்லை.

கடைசியில் வருபவருக்கோ இரட்டை யோகம். அவருக்குப் பின்னால் யாரும் வராததால், நாள் முடிவில் புரோகிராம் போய்ப் பார்க்கும்போதும் அவர் முகம் அங்கேயே கிடக்கும். முந்தைய ஆளின் நேரத்திலும் அவர் பெயர், தன் நேரத்திலும் அவர் பெயர். முதலில் பதிவான நேரம்தான் வருகைக் கணக்கு.

அப்படிக் கடைசியாக வருவது கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கும் இவன் மனைவி.

"உங்க வீட்டம்மாவைப் பாத்துக் கத்துக்கங்க தம்பி" என்றார் அதிகாரி. "நாளுக்கு ரெண்டு தடவை வந்திருக்காங்க. இந்த மாச விருது அவங்களுக்குத்தான்."

ஒருவர் ஒரு நாளைக்கு எப்படி இரண்டு தடவை வர முடியும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பேனா மூடியைக் கழற்றினார்.

"உண்மையைச் சொல்லுங்க. புரோகிராம்ல ஏதாவது கோளாறு இருக்கா?"

ஒரே ஒரு வரி. முகவரியைக் கொடுப்பதற்கு முன் எண்களைக் காப்பி எடுத்துவிடு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. வாயைத் திறந்து அதைச் சொன்னால் வேலை நிரந்தரம்.

"கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நான்தான் வரலை."

அதிகாரிக்கு நிம்மதியாக இருந்தது. மெஷின் தப்பித்தது. இருபத்திரண்டு நாளும் தினம் தினம் பார்த்த முகத்துக்கு முன்னாலேயே நீட்டிப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் பிறப்பதற்கு முன்பு, மெஷினைச் சோதித்துப் பார்த்த வாரத்தின் இரண்டாம் நாளே அவன் கோளாறைக் கண்டுபிடித்திருந்தான். அந்த ஒரு வரியைச் சேர்த்தும் விட்டான். மூன்றாம் நாள் பட்டியல் துல்லியமாக வந்தது. எட்டு மணி என்று முதலில் அவன் பெயர். பார்த்துப் பூரித்துப்போனான்.

கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒன்பது இருபத்தொன்று என்று அவன் மனைவியின் பெயர். தாமதத்துக்காக ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவள். மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று சாயங்காலமே அந்த வரியை அழித்துவிட்டான்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அன்று காலையும் வழக்கம்போல, அழுகிற குழந்தையை அவள் தலையில் கட்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். குளிப்பாட்டி, ஊட்டி, காப்பகத்தில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அவள் ஓடிவந்தாள். "எட்டு மணிக்கு நான் போய் மெஷினை ஆன் பண்ணணும், என்னை விட்டா ஆள் இல்ல" என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

மெஷின் எட்டு மணிக்குத் தானாகவே ஆன் ஆகும்படிதான் அவன் எழுதியிருந்தான்.